டிரையர்காரன் பொரித்த கோழி

சதீஸ்குமாருக்கு வாய் அதிகம் பேசாது. கழுத்துதான் பேசும். ஆமாம் என்பதற்கும், சரி என்பதற்கும், எனக்குத் தெரியாது என்பதற்கும் அவன் தலையாட்டுவான். ஸ்டோர் என்று அவர்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையைக் காயவைக்கும் டிரையர் இரையும் இரைச்சலில் இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்கு அந்தப் பழக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அங்கே கத்தினாலும் கேட்காது. வீட்டுக்கு வந்தும் அதே கழுத்தை வைத்தே குடும்பம் நடத்தினான் என்பதுதான் தவறு. அந்தத் தவறு அவனுக்குப் பிடிபட நாற்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் மனைவி விஜயலெட்சுமி, "குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கூப்புடுறாங்க, போகவா?" என்று கேட்டபோது அவன் தலையாட்டினான். போக வேண்டாம் என்றுதான் மனதுக்குள் இருந்தது. ஆனால் மகள் கலாராணிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். கழுத்து சுலபம்.

அவள் போய் மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பதுளைக்குப் போயிருந்தான். திரும்பும்போது முன்ஸிப் நானாவின் சாப்பாட்டுக் கடையில் பொரித்த கோழி நான்கு துண்டு கட்டி வாங்கினான். மகளும் மட்டக்களப்பில் விடுதிக்குப் போய்விட்டதால் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அவன் ஒருவன்தான். கடதாசியில் வைத்துத் தின்றால் இன்னும் தனியாகத் தெரிகிறது என்று வீட்டுத் தட்டில் எடுத்து வைத்தான். அந்த நேரம் பார்த்து வீடியோ கோல் வந்தது.

"என்னாங்க அது தட்டுல? கோழியா? யாரு பொரிச்சா? நீங்களா?"

அவள் கண் அகல விரிந்ததை அந்தச் சின்னத் திரையில் அவன் பார்த்தான். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் தன்னைப் பார்த்து அந்தக் கண் அப்படி விரிந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. கழுத்து தானாக ஆடியது.

அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஆனால் ஒருமுறை கோழி பொரித்தவன் அதோடு நிறுத்த முடியாதே. மாதம் ஒரு ஞாயிறு காலை பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், முன்ஸிப் நானாவிடம் நான்கு துண்டு வாங்கி, வளைவுகளில் பொட்டலம் சரியாமல் மடியில் பிடித்துக்கொண்டு தோட்டம் இருக்கும் நமுனுகுல மலைக்குத் திரும்பி, தட்டில் அடுக்கி, கோலுக்குக் காத்திருப்பான். பொய் என்பது சொல்லுகிற வாயில் இருக்கிறதா, நம்புகிறவர் மனதில் இருக்கிறதா என்று பஸ்ஸில் யோசிப்பான். பாதி வழியில் பசறை வரும்வரைக்கும் வாயில்தான் இருக்கிறது, ஆகவே தான் பொய் சொல்லவில்லை என்று தோன்றும். லயத்துப் படி ஏறும்போது அப்படித் தோன்றாது. மற்ற நாட்களில் ரொட்டியும், டின் மீனும், பக்கத்துக் காம்பரா அங்கம்மாக்கா இரக்கப்பட்டு நீட்டுகிற கிண்ணமும்தான் அவன் சாப்பாடு.

இப்போது விஜயலெட்சுமி குவைத்திலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. அவள் வேலை செய்த வீட்டு மேடம் தினமும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு வா, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்று. விஜயலெட்சுமி போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி போய்விடக் கூடாது என்பதைத் தவிர சதீஸ்குமாருக்கு அந்தப் பத்து நாளும் வேறு நினைப்பில்லை. அதை அவன் சொல்லவும் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சும்மா தலையாட்டினான்.

புதன்கிழமை சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழம நீங்க அந்தக் கோழியப் பொரிங்க. நாலு வருஷமா போன்லயே பாத்தாச்சு. தின்னு பாத்துட்டு மேடத்துக்குப் பதில் சொல்றேன்."

எடுத்த கவளத்தை அவன் திரும்பத் தட்டில் வைத்தான். கழுத்து மட்டும் தன் வேலையைச் செய்தது.

மறுநாள் ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டுப் பதுளைக்கு ஓடினான். மத்தியானக் கூட்டம். முன்ஸிப் நானா எண்ணெய் கொதிக்கும் பெரிய தாச்சிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார். சதீஸ்குமார் அவர் காதருகில் போய் நான்கு வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னான்.

"அல்லாவே!" நானா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். "அப்ப நாலு வருஷமா நான் பொரிச்சதெல்லாம் நீங்க பொரிச்சதா? எனக்கு இந்தக் கடை சொந்தமா, அதுவும் இல்லியா?"

"சத்தம் போடாதீங்க நானா. எப்பிடிப் பொரிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க."

"அது ஒண்ணுமில்ல. தயிரு, மொளகாத்தூளு, இஞ்சி, உள்ளி போட்டு ராவைக்கே ஊற வைங்க. காலைல கோதும மாவும் சோள மாவும் கலந்து பெரட்டி எண்ணெயில போடுங்க. ஒரு விசயம் கேக்குறன். நல்லா வந்திச்சிண்டா என்ன ஆகும் எண்டு யோசிச்சீங்களா?"

"சந்தோசப்படுவா."

"சந்தோசமாப் போயிருவா. மனுசன் நல்லாத் தின்னுக்கிட்டு சொகமா ஈக்கிறாரு, இன்னும் ரெண்டு வருஷம் பயமில்லாம இருக்கலாம் எண்டு நெனக்க மாட்டாவா?"

சதீஸ்குமாருக்கு இது தோன்றியிருக்கவேயில்லை. "அப்ப கெடுத்துரவா?"

"கெடுத்தீங்கண்டா நாலு வருஷக் கள்ளம் வெளிய வரும். எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி, நான் கோழி பொரிக்கிறவன். தள்ளி நில்லுங்க, எண்ணெ தெறிக்கும்."

"எண்ணெ சூடு எவ்வளவு இருக்கணும் நானா?"

"அது கைக்குத் தெரியும்."

அவர் கைக்குத் தெரியும். சதீஸ்குமாரின் கைக்கு டிரையரில் இருந்து வரும் தேயிலையைப் பிடித்துப் பார்த்து ஈரம் சொல்லத் தெரியும். எண்ணெயோடு அதற்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு சமையல் வீடியோவைத் தேடிப் பிடித்தான். அதில் ஒரு அம்மா அழுத்தமாகச் சொன்னாள்: எண்ணெய் நூற்றெழுபத்தைந்து டிகிரி இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவனுக்கு நிம்மதி வந்தது. நம்பர் என்றால் அது அவன் தொழில். டிரையருக்குள் போகும் காற்று இருநூறுக்கு மேல், வெளியே வரும் காற்று நூற்றிமுப்பது என்று இருபத்திரண்டு வருடம் முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவன். தேயிலைக்கே இருநூறு வேண்டும், கோழிக்கு நூற்றெழுபத்தைந்துதானா, பாவம், மெல்லிய உடம்பு போல என்று நினைத்துக்கொண்டான். ஸ்டோரில் புது மீட்டர் பூட்டியபோது கழற்றி எறிந்த பழைய மீட்டர் ஒன்று, நீளக் குச்சியும் வட்ட முகமுமாக, அவன் வீட்டு அலுமாரியில் கிடந்தது. அது இருக்கும்போது கைக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கெடுப்பதா, நன்றாகப் பொரிப்பதா என்பதுதான் தீரவில்லை. சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கெடுப்பது என்று முடிவு செய்தான். நான்கு வருடக் கள்ளம் வெளியே வந்தால் வரட்டும், அவள் இருந்தால் போதும். தயிரில் கோழித் துண்டுகளைப் போட்டுப் பிசைந்துவிட்டு, உப்புச் சிரட்டையில் இருந்து ஒரு பிடி உப்பை அள்ளினான். கை சட்டிக்கு மேலே போய் நின்றுவிட்டது. விரல் திறக்கவில்லை. வீட்டுப் பிரச்சினை மனதில் இருந்த நாளிலும், காய்ச்சலோடு போன நாளிலும் அவன் தெரிந்துகொண்டே ஒரு ஈடு தேயிலையைக் கெடுத்ததில்லை. இதை நேர்மை என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை. வெறும் பழக்கம். செக்குமாட்டுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனாலும் விரல் திறக்கவில்லை. உப்பைத் திரும்பச் சிரட்டையில் கொட்டி, அளவாக ஒரு சிட்டிகை போட்டான். நன்றாகப் பொரிப்பது, வருவது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விஜயலெட்சுமி குசினி வாசலில் பலகையைப் போட்டு, கையில் பால் சேர்க்காத பிளேன்டீயோடு உட்கார்ந்தாள். படம் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது. அவன் மாவைச் சலித்தான். ஒருமுறை சலித்தால் போதும். அவன் மூன்றுமுறை சலித்தான், பெரிய கண், நடுக்கண், சின்னக் கண் என்று மூன்று அரிதட்டில்.

"ஸ்டோர்ல மாதிரி தேயிலத் தூளு பிரிக்கிறீங்களா?" என்றாள்.

தலையாட்டினான். எட்டுத் துண்டையும் மாவில் பிரட்டி அடுக்கினான். தாச்சியில் எண்ணெயை ஊற்றிக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, மீட்டர்க் குச்சியை எண்ணெய்க்குள் விட்டுக் குனிந்து நின்றான். முள் நூறைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தொட்டது. நூற்றெழுபத்தைந்தில் தீயைச் சிம்மில் வைத்தான். முள் அசையாமல் நின்றது. அவனுக்குப் பெருமையாக இருந்தது. நான்கு துண்டை எடுத்து மெதுவாக இறக்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

கிணற்றில் கல்லைப் போட்டாலாவது 'டபக்' என்னும். கோழி சத்தமில்லாமல் எண்ணெய்க்குள் போய் அடியில் உட்கார்ந்துகொண்டது. அவன் காத்திருந்தான். அவசரப்படுகிறவன் தேயிலையையும் கெடுப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மாவு துண்டை விட்டுக் கழன்று எண்ணெயில் மிதக்கத் தொடங்கியது.

லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கத்தில் இருந்து அங்கம்மாக்காவின் குரல் வந்தது.

"ஏந் தம்பி, கோழி பொரிக்கிறதாச் சொன்னாங்க, சத்தத்தையே காணோம்? இன்னும் வரலியா கோழி?"

"வந்திருச்சுக்கா," என்றாள் விஜயலெட்சுமி. "குளிச்சிக்கிட்டு இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. சதீஸ்குமார் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். நூற்றெழுபத்தைந்தில்தான் நின்றது. இருபத்தைந்து நிமிடம் கழித்து அரிகரண்டியை விட்டுத் தூக்கினான். வெளுத்துப்போய், எண்ணெய் குடித்து வீங்கி, தோல் உரிந்த நான்கு துண்டுகள் வந்தன. தாச்சியில் மிச்சமிருந்தது எண்ணெயா கஞ்சியா என்று சொல்ல முடியவில்லை.

விஜயலெட்சுமி தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

அதற்குப் பிறகு அவன் செய்தது அவனுக்கே சரியாக ஞாபகமில்லை. நம்பரை நம்பிக் கெட்டவன் இனி எதையும் நம்புவதில்லை என்ற ஆத்திரத்தில் மீட்டரைப் பிடுங்கி மேசையில் போட்டான். கஞ்சியை வெளியே கொட்டிவிட்டு வேறு எண்ணெய் வைத்தான், அடுப்பை முழுசாகத் திறந்தான். எண்ணெயில் புகை கிளம்பும்வரை நின்றான். மிச்சம் நான்கு துண்டையும் போட்டான். இந்தமுறை சத்தத்துக்குக் குறைவில்லை. அங்கம்மாக்கா, "ஐயையோ, கூர பத்திக்கிச்சா?" என்றாள். மூன்று நிமிடத்தில் துண்டுகள் கரிக்கட்டையாகிவிட்டன. ஒன்றைத் தட்டில் போட்டுப் பிய்த்தான். உள்ளே எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக, பச்சையாக இருந்தது.

அதைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். இந்தக் கோளாறு அவனுக்குத் தெரியும். சூட்டை அள்ளி வைத்தால் தேயிலை மேலே காய்ந்து ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பார்க்க நல்ல தேயிலைதான், மூன்று மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். டிரையருக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும், "மேல பாத்து ஏமாறாத, உள்ள என்ன இருக்குன்னு பாரு," என்று அவன் சொல்கிற ஒரே பாடம் அது. அவன் வாயால் சொல்கிற ஒரே பாடமும் அதுதான். இப்போது அந்தப் பாடம் தட்டில் கிடந்தது.

விஜயலெட்சுமி எழுந்து வந்து, வெளுத்த துண்டையும் பார்த்தாள், கருகிய துண்டையும் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"வேணும்னே கெடுத்தீங்கதானே?"

அவன் நிமிர்ந்தான்.

"நாலு வருஷமா மாசாமாசம் பொரிச்ச மனுசனுக்கு இன்னைக்கு மட்டும் எப்பிடிக் கை மறந்துபோகும்? நான் போகக் கூடாதுன்னு வேணும்னேதானே இப்பிடிச் செஞ்சீங்க?"

சதீஸ்குமாருக்கு இதைவிட நல்ல வாசல் திறந்திருக்க முடியாது. அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். நான்கு வருடக் கோழியும் அவன் பொரித்ததாகவே இருக்கும், மனைவியைப் பிரிய மனமில்லாமல் சமையலைக் கெடுத்த கணவன் என்ற பெயரும் வரும். கழுத்து அசையத் தொடங்கியது. பாதி வழியில் அவன் அதை நிறுத்தினான். எப்படி நிறுத்தினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தட்டில் இருந்த அந்தப் பச்சை இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரியும்.

"இல்ல விஜயா," என்றான். "கெடுக்கத்தான் நெனச்சேன். முடியல. நல்லாத்தான் பொரிக்கப் பாத்தேன். எனக்கு வந்தது இவ்வளவுதான்."

"அப்ப அந்த நாலு வருஷம்?"

"முன்ஸிப் நானா கட."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியும்," என்றாள் விஜயலெட்சுமி.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"ரெண்டாவது தடவ காட்டினப்பவே. கோழிக்குப் பக்கத்துல வெள்ளரிக்காவ பூ மாதிரி வெட்டி வச்சிருந்திச்சு. மாங்காக்கு உப்பு வைக்கத் தெரியாத மனுசன் வெள்ளரிக்காவுல பூ வெட்டுவாராக்கும்."

பூவை எடுத்து எறிந்துவிட்டுத் தட்டில் வைக்க வேண்டும் என்று நான்கு வருடத்தில் ஒருநாளும் அவனுக்குத் தோன்றவில்லை. கள்ளத்திலும் அவன் அரைகுறைதான்.

"தெரிஞ்சிக்கிட்டு ஏன் கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? எனக்குக் காட்டணுங்கிறதுக்காக மாசாமாசம் பதுளைக்குப் போயிட்டு வர்ற ஆளுகிட்ட?" அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "அது கெடக்கட்டும். இன்னைக்காவது சொல்லுவீங்கன்னுதான் பொரிக்கவும் சொன்னேன், வேணும்னேயான்னும் கேட்டேன். அதச் சொல்லிட்டீங்க. இன்னொன்னு இருக்கு. வாயில வச்சிக்கிட்டே பத்து நாளா சுத்துறீங்க. அதையும் சொல்லிருங்க."

அடுப்பை யாரும் அணைக்கவில்லை. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அணைத்தாள். குசினி அமைதியானது. டிரையர் நின்றபிறகு ஸ்டோரில் வருமே, அந்த மாதிரி அமைதி.

"போகாத விஜயா," என்றான்.

"அப்பாடா!" என்றாள் அங்கம்மாக்கா சுவருக்கு அந்தப் பக்கம். "இதுக்கா தம்பி இவ்வளவு எண்ணெ?"

விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனாள். மேடத்துக்கு அரபியில் குரல் செய்தி பேசினாள். நீளமாகப் பேசினாள். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான்கு வருடத்தில் அவள் இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், தான் ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு பட்டோமே என்று நினைத்துக்கொண்டு கரித்துண்டுகளைப் பார்த்தபடி நின்றான்.

அவள் உள்ளே வந்தாள். "வரலன்னு சொல்லிட்டேன். புள்ளைக்கும் இந்த வருஷத்தோட படிப்பு முடியுது. இனி இங்கேயே எதையாவது செய்யலாம்."

அவன் தலையாட்டப் போய், சட்டென்று, "சரி," என்றான்.

மேசையில் கிடந்த மீட்டரை அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க உள்ளது?"

"ஸ்டோர்ல. பழைய டிரையர் மீட்டர். நூத்தியெழுவத்தஞ்சுல கரெக்டா வச்சேன். அந்த வீடியோல அப்பிடித்தான் சொன்னாங்க."

"இங்க பாருங்க, எஃப்புன்னு போட்டிருக்கு. இது ஃபாரன்ஹீட்டு. வீடியோல சொன்னது சென்டிகிரேட்டு. மேடம் வீட்டு ஓவன் அடுப்புல ரெண்டும் இருக்கும். மாத்தி வச்சி நானும் ஒருக்கா ஏச்சு வாங்கியிருக்கேன். உங்க மீட்டர்ல முன்னூத்தம்பதுக்கிட்ட வந்திருக்கணும். நீங்க அதுல பாதிய வச்சிக்கிட்டு கோழிக்கு வெந்நி ஊத்தியிருக்கீங்க."

இருபத்திரண்டு வருடம் தினமும் பார்த்த மீட்டர் முகத்தில் அந்த எழுத்து இருந்ததை அவன் அன்றுதான் பார்த்தான். ஸ்டோரில் எல்லா மீட்டரும் அதுவாகவே இருந்ததால், உலகத்தில் சூடு ஒரே ஒரு விதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

வெளுத்த துண்டுகளை அவள் கழுவி எடுத்து, வெங்காயம் தாளித்துக் குழம்பு வைத்தாள். குழம்பு பரவாயில்லை. கரித்துண்டு நான்கையும் அவன் லயத்து நாய்க்குப் போட்டான். நாய் ஒன்றை மோந்து பார்த்து, கவ்விக்கொண்டு போய், மரக்கறிப் பாத்தியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தது. மற்ற மூன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது விஜயலெட்சுமி சொன்னாள்: "நான் இருக்கேன்னு குசினிய விட்டு ஓடலாம்னு பாக்காதீங்க. அடுத்த ஞாயிறும் நீங்கதான்."

அடுத்த ஞாயிறு அவன் மீட்டரை முன்னூற்றைம்பதில் வைத்தான். எண்ணெய் சடசடவென்று சத்தம் போட்டது. அங்கம்மாக்கா சுவருக்கு மேலாக ஒரு கிண்ணத்தை நீட்டி ஒரு துண்டு வாங்கித் தின்று பார்த்துவிட்டு, "உப்பு?" என்று மட்டும் கேட்டாள். கெடுப்பதற்காகப் போன வாரம் ஒரு பிடி அள்ளியவன், இந்தவாரம் உப்பே போட மறந்திருந்தான்.

மிச்சத்தை நாய்க்குப் போட்டான். இந்தமுறை நாய் புதைக்கவில்லை, தின்றது. அவனளவில் அது முன்னேற்றம்தான்.